எங்கள் வகுப்பு எதிர்த்தரப்பு

தன்னைக் கடித்த நாயிடம் திரும்பிப் போய் அதன் தரப்பு விளக்கத்தைக் கேட்டு வந்த ஒரே நிருபர், தென்காசி மாவட்டத்திலேயே, ஏன் இந்தப் பூலோகத்திலேயே, எங்கள் எதிர்த்தரப்பு ஒருத்திதான்.

கடித்தது எங்கள் கல்லூரி கேன்டீனுக்குப் பின்னால். அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட வந்த நர்ஸ், "கடிச்சது வெறி நாயாம்மா?" என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவள், "விசாரிக்காம அப்படிச் சொல்லக் கூடாதுக்கா. நாளைக்குச் சொல்லுதேன்" என்றாள். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கடி தலைக்கு ஏறிவிட்டதோ என்று அவருக்குச் சந்தேகம்.

சொன்னபடியே மறுநாள் நொண்டிக்கொண்டு கேன்டீன் பின்பக்கம் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கும் மதில் சுவருக்கும் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுத்தாள்.

"அது குட்டி போட்டுருக்குல. நான் பாக்காம பக்கத்துல போய்ட்டேன். அது எடத்துல நான் இருந்தாலும் கடிச்சிருப்பேன்."

"நீ கடிப்ப. அதுல யாருக்கும் சந்தேகம் கிடையாது" என்றேன்.

இது நான் ஊடகத் தொடர்பியல் முதலாம் ஆண்டு படித்தபோது நடந்தது. சங்கரன்கோவிலை ஒட்டிய ஒரு கல்லூரியில் அந்தப் படிப்பை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். அது என்ன படிப்பு என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. வேன் ஓட்டுகிற என் அப்பா, "ஊடகத் தொடர்பியல்னா என்னல? வயர் இழுக்கிற வேலையா?" என்று கேட்டார். எதிர்வீட்டு அத்தை ஒரு படி மேலே போய், "டிவியில எப்பம் வருவ? சொல்லு, அன்னைக்கு எங்கயும் போகாம இருக்கேன்" என்று சொல்லிவைத்தாள். வகுப்பில் பாதிப் பேர் சினிமா டைரக்டர் ஆக வந்தவர்கள். மீதிப் பேர் வேறு எந்தப் படிப்பிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். நான் இரண்டு பட்டியலிலும் இருந்தேன்.

காரணத்தோடு வந்தவள் அவள் ஒருத்திதான். குருவிகுளம் பக்கம் மானாவாரிப் பூமியில் ஒரு சின்ன ஊர். வீட்டில் ஆடு மேய்க்கிறவர்கள். கோடையில் ஒருமுறை அவள் ஊரில் குழாய்த் தண்ணீர் வரவில்லை என்று கேமராவோடு யாரோ வந்தார்களாம். குடத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்தார்களாம். தண்ணீர் திறந்துவிடுகிறவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். "மோட்டார் எரிஞ்சி போயி அந்த மனுசன் வாரம் பூரா அலையுதாரு. அவர ஒரு வார்த்த கேக்கல. படம் வந்த பொறவு ஊரே அவரோட பேசல. அவரு எங்க சித்தப்பா" என்று முதல் நாள் அறிமுகத்திலேயே சொன்னாள். அவளுக்கு அடுத்து எழுந்த நான், "எனக்கு சினிமான்னா பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

எங்களுக்கு அறிமுகப் பாடம் எடுத்தவர், திரையில் ஸ்லைடு போட்டே பாடம் நடத்துகிற ஸ்லைடு சார். கரண்ட் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு வரும். கரண்ட் போனால் வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுவார்; வந்ததும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். முதல் வாரம் திரையில் ஒரு படம் போட்டார். இடது ஓரத்தில் சொல்கிறவர். நடுவில் செய்தி. வலது ஓரத்தில் கேட்கிறவர். குறுக்கே மின்னல் மாதிரி ஒரு கோடு. அதற்குப் பெயர் இரைச்சல். அந்த நேரத்துக்குச் சரியாக ஜன்னலுக்கு வெளியே விசைத்தறிகள் கடகடவென்று ஓட ஆரம்பித்தன. இரைச்சல் என்றால் என்ன என்று சார் விளக்கவே இல்லை. விளக்கியிருந்தாலும் கேட்டிருக்காது.

அவள் கையைத் தூக்கினாள். "சார், இந்தக் கேக்குறவன் ஏன் சார் கடைசியில போய் நிக்கான்?"

"படம் அப்படித்தாம்மா."

"அவனுக்குச் சொல்லுததுக்கு ஒண்ணுமே இருக்காதா?"

சார் அடுத்த ஸ்லைடுக்குப் போனார். அதில் கேட்கிறவரிடமிருந்து சொல்கிறவரை நோக்கி வளைந்த அம்பு ஒன்று வந்தது. மேலே 'பின்னூட்டம்' என்று எழுதியிருந்தது. வகுப்பே கைதட்டியது. கேள்வித்தாளைத் திருடிவிட்டவளைப் பார்க்கிற மாதிரி சார் அவளைப் பார்த்தார்.

அடுத்த வாரம்தான் அந்த அசம்பாவிதம் நடந்தது. செய்தி சேகரிப்பு பற்றிப் பாடம். "ஒருவர் மீது குற்றம் சொல்லும் செய்தி என்றால், எதிர்த்தரப்பையும் கேட்காமல் வெளியிடக் கூடாது" என்று ஸ்லைடில் இருந்ததை சார் வாசித்தார். அவர் அதை வாசித்துவிட்டு மறந்துவிட்டார். நாங்கள் எழுதிவைத்துவிட்டு மறந்துவிட்டோம். அவள் ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டாள், பிறகு விடவே இல்லை.

அன்றைக்கே சார் ஒரு பையனை, "ஏன்டா லேட்டு? வெளிய நில்லு" என்றார். இவள் எழுந்துவிட்டாள்.

"சார், அவன் தரப்பக் கேக்கலையே."

சார் ஸ்லைடைப் பார்த்தார். சொன்னது அவர்தான், எழுத்தில் இருக்கிறது, மறுக்க முடியாது. "சொல்லுடா" என்றார். அவன் பஸ் பிரேக்டவுன் என்று ஆரம்பித்து, பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று போய், கடைசியில் தூங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டான். வெளியே போகும்போது அவளைப் பார்த்து, "எதிர்த்தரப்பு! நல்லா இருப்பட்டி நீ!" என்று பல்லைக் கடித்தான். அன்றோடு அவள் சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் என்று ஆகிவிட்டது.

அவளோடு களப்பயிற்சிக்குப் போவது தனிப் பிறவி எடுப்பது போல. பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறியது பற்றி இரண்டு நிமிடப் படம் எடுத்து வரச் சொன்னார்கள். மற்ற குழுக்கள் ஒரு வியாபாரியையும் ஒரு அம்மாவையும் பேசவிட்டு, மூட்டை மூட்டையாகப் பூவைக் காட்டிவிட்டு, மத்தியானம் பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். எங்கள் குழுவுக்கு அவள் தலைவி. வாங்குகிறவரைக் கேட்டாள். விற்கிறவரைக் கேட்டாள். அவர் ஏலக்காரரைக் கை காட்டினார். ஏலக்காரர் விவசாயியைக் கை காட்டினார். விவசாயியைத் தேடி வயலுக்குப் போனோம். அவர் வானத்தைக் கை காட்டினார். "இப்பம் மேல போயி மழையோட தரப்பக் கேக்கணும்லா?" என்று நான் கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள்.

கடைசியில் நாங்கள் கொண்டுபோன படத்தைப் பார்த்து ஸ்லைடு சார் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "இரண்டு நிமிஷம்தானேம்மா கேட்டேன்? இது இடைவேளை விடுற அளவுக்கு இருக்கே."

"ரெண்டு நிமிசத்துல ரெண்டு தரப்புதான் சார் கொள்ளுது. இதுல நெறைய பேரு இருக்காவ."

செமஸ்டர் பரீட்சையில் இன்னொரு கூத்து. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவனிடம் மேற்பார்வைக்கு வந்த மேடம் ஒரு துண்டுச் சீட்டைக் கண்டுபிடித்தார். அவன், "என்னது இல்ல மேடம், ஃபேன் காத்துல பறந்து வந்துச்சு" என்று சாதித்துக்கொண்டிருந்தான். மேடமும் கொஞ்சம் தடுமாறிவிட்டார். அந்த நேரம் பின்வரிசையிலிருந்து எதிர்த்தரப்பு எழுந்து, "மேடம், அவன் நிதானமா உண்மையச் சொல்ல ஒரு வாய்ப்பு குடுங்க" என்றாள். அவள் குரலில் இருந்த கனிவு அவனை என்னமோ செய்துவிட்டது. கண் கலங்கி, "நான்தான் மேடம் எழுதிட்டு வந்தேன்" என்றான். அந்தப் பையன் அந்த வருடம் முழுக்க அவளைக் கண்டால் மாடிப்படி ஏறி மறுபக்கம் இறங்கிப் போவான்.

வீட்டிலும் அவள் சும்மா இருக்கவில்லை. அவள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏதோ மனஸ்தாபம். இவள் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துச் செல்போனில் பேட்டி எடுத்து, அப்பா பேசியதை அம்மாவுக்கும், அம்மா பேசியதை அவருக்கும் போட்டுக் காட்டினாள். அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தவர்கள் அன்று சாயங்காலமே சேர்ந்துவிட்டார்கள். சேர்ந்து எடுத்த முதல் முடிவு, இவள் படிப்பை நிறுத்துவது. ஸ்லைடு சார் பஸ் ஏறிப் போய்ப் பேசித்தான் திரும்ப அனுப்பினார்கள். அவள் அப்பா, "இது எல்லாம் சொல்லிக் குடுத்தது நீங்கதானா சார்?" என்று கேட்டாராம். சார், "அது ஸ்லைடுல இருந்தது" என்றாராம்.

இத்தனை நாளும் நாங்கள் அவளை வைத்துச் சிரித்தோம். இனிச் சொல்லப் போவது சிரிக்காத நாள்.

ஆடித் தபசு நெருங்கியிருந்தது. கல்யாணமாகி வாசுதேவநல்லூரில் இருக்கிற என் அக்காவின் மகளைத் திருவிழாவுக்கு முன்கூட்டியே கூட்டி வர அப்பா வேனை எடுத்துக்கொண்டு காலையிலேயே போயிருந்தார். அக்கா ரெண்டு நாள் கழித்து வருவதாக ஏற்பாடு. எங்களுக்குக் கம்ப்யூட்டர் லேபில் வகுப்பு. வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. ரோட்டோரம் நிற்கும் வெள்ளை வேன். உள்ளே ஒரு சின்னப் பிள்ளை கண்ணாடியை அடித்து அடித்து அழுகிறது. ஒரு ஆள் அதை இழுத்து உட்கார வைக்கிறார். மேலே ஒரு குரல்: "பிள்ள புடிக்கவன் வண்டி. சங்கரன்கோவில் ரோட்டுல போகுது. பாத்தா விடாதீங்க. எல்லாருக்கும் அனுப்புங்க."

பக்கத்தில் இருந்தவன், "ஐயோ பாவம்ல அந்தப் பிள்ள" என்று சொல்லிக்கொண்டே அனுப்ப ஆரம்பித்தான். நான் வீடியோவை நிறுத்திப் பார்த்தேன். வண்டி நம்பர் எங்கள் வண்டி நம்பர். அழுகிற பிள்ளை என் அக்கா மகள். இழுக்கிற ஆள் என் அப்பா.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அது அவர் கொள்கை. திரும்பத் திரும்பப் போட்டேன். எதிர்த்தரப்பு என் போனை வாங்கிப் பார்த்தாள். எங்கள் வேனை அவளுக்குத் தெரியும். பூ மார்க்கெட்டிலிருந்து வயலுக்கு எங்களைக் கொண்டுபோய் விட்டதே அப்பாதான்.

"எல்லாரும் நிறுத்துங்கல!" என்று ஒரு சத்தம் போட்டாள். அவள் கத்தி அதுவரை நாங்கள் கேட்டதில்லை. "இது இவன் அப்பா. அது அவரு பேத்தி. அனுப்புனவங்க எல்லாரும், அனுப்புன எடத்துலயே போயி இதச் சொல்லுங்க. இப்பமே." பிறகு என்னைப் பார்த்து, "எந்திரில, போவோம்" என்றாள்.

ஸ்லைடு சார் பாக்கெட்டிலிருந்து பைக் சாவியை எடுத்து நீட்டினார். போகிற போக்கில் அவள் மேசையிலிருந்த துறை மைக்கைத் தூக்கிக்கொண்டாள். எங்கள் துறைக்கு இருந்த ஒரே மைக் அது. அதற்கு வயர் கிடையாது. அட்டையில் கல்லூரிப் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். அதை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டு, சட்டைப்பையிலிருக்கிற செல்போனில்தான் குரலைப் பதிவு செய்வோம்.

வழியெல்லாம் நான் என்னென்னவோ கற்பனை செய்துகொண்டு வண்டி ஓட்டினேன். அவள் பின்னாலிருந்து, "ரோட்டப் பாருல, ரோட்டப் பாருல" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பாதி வழியில், ஒரு குளத்தங்கரை ஊரின் பஸ் நிறுத்தத்தில், கூட்டத்துக்கு நடுவே வேன் நின்றது. அப்பா வழியில் டயர் பஞ்சராகி அதைச் சரிசெய்துகொண்டு வந்திருக்கிறார். அதற்குள் வீடியோ அவரை முந்திக்கொண்டு வந்துவிட்டது. பக்கவாட்டுக் கண்ணாடி உடைந்து தொங்கியது. அப்பா கதவையெல்லாம் பூட்டிக்கொண்டு பேத்தியை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்றவர்கள் வேனைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் பைக்கை அப்படியே போட்டுவிட்டு, "ஏய், அது எங்க அப்பா!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

"ஏலே, இவனும் கூட்டாளிதான், புடிங்கல!" என்று யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்தார்கள். சட்டை கிழிகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போதுதான் அந்தக் குரல். "அண்ணாச்சி! மொதல்ல பாத்தது யாரு? அவங்க பேட்டி வேணும்!"

பஸ் நிறுத்தத்துச் சிமென்ட் பெஞ்சின் மேல் ஏறி நின்று, வயரில்லாத மைக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். கூட்டம் மொத்தமும் திரும்பியது. மைக்கைப் பார்த்ததும் என் காலரைப் பிடித்திருந்தவர் அந்தக் கையை எடுத்துத் தன் தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

"எந்த டிவி தாயி?"

"டிவி இல்ல அண்ணாச்சி, காலேஜ். பேரு, ஊரு சொல்லிட்டுப் பேசுங்க."

பேர் என்றதும் முன்வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்வரிசை ஆனார்கள்.

"நான் பாக்கல தாயி. எல்லாரும் ஓடுனாவன்னு நானும் ஓடியாந்தேன். வண்டிய மறிச்சது பால்காரருதான்" என்றார் என் காலரைப் பிடித்திருந்தவர்.

பால்காரரிடம் மைக் போனது. "மறிச்சேன், இல்லங்கல. ஆனா எனக்குச் சொன்னது உரக்கடைக்காரரு."

உரக்கடைக்காரர் கையில் ஒரு கம்பு இருந்தது. அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "என் மச்சினன் அனுப்புனாம்மா. ராயகிரியில இருக்கான். பொய் சொல்ல மாட்டான்."

"போன் போடுங்க அண்ணாச்சி. ஸ்பீக்கர்ல போடுங்க. அவுக தரப்பையும் கேட்ருவோம்."

அத்தனை பேர் பார்க்கையில் அவரால் மறுக்க முடியவில்லை. போட்டார்.

"என்ன அத்தான்?"

"ஏலே, அந்தப் பிள்ள புடிக்கவன் வீடியோ ஒனக்கு யாருல அனுப்புனது?"

"நீங்கதான அத்தான் காலையில அனுப்புனீய! பாத்துட்டு, ஐயையோ இது அத்தான் ஊரு ரோடாச்சேன்னு நான் ஒங்களுக்கே திருப்பி அனுப்புனேன்."

உரக்கடைக்காரர் போனைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மிகவும் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார்: "அப்பம் எனக்கு யாருல அனுப்புனது?"

பின்னாலிருந்து யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் என் அப்பா பிழைத்தார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். வேனைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அவள் பெஞ்சிலிருந்து இறங்கினாள். "இம்புட்டுப் பேரு நிக்கீங்களே, அந்தப் பிள்ளைய ஒருத்தராச்சும் கேட்டீயளா?"

கூட்டம் வழிவிட்டது. அவளை அடையாளம் தெரிந்து அப்பா கண்ணாடியைப் பாதி இறக்கினார். மைக்கை உள்ளே நீட்டினாள்.

"பாப்பா, இது யாரு?"

"தாத்தா."

"ஏன் அழுதீய?"

"கோழிக்குஞ்ச வேன்ல ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டாவ. இது கெட்ட தாத்தா." பிள்ளை மறுபடியும் அழ ஆரம்பித்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பேட்டியை முடித்திருப்பார்கள். இவள் மைக்கை மெதுவாக அப்பா பக்கம் திருப்பினாள். "இதுக்கு ஒங்க தரப்பு என்ன மாமா?"

வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்த என் அப்பா முழு விளக்கம் கொடுத்தார். "குஞ்சுக்கு மூச்சு முட்டும்லா தாயி. செத்துப் போச்சுன்னா இவ அதுக்கும் அழுவா."

கூட்டத்திலிருந்து ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா கதவைத் திறந்து இறங்கியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் ஜீப் வந்தபோது உரக்கடைக்காரர் என் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தார். யாரை யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று போலீஸ்காரர்களுக்குப் புரியவே இல்லை.

இதோடு முடித்திருந்தால் அவள் எதிர்த்தரப்பு இல்லையே. வருடக் கடைசியில் ஒரு ஆவணப்படம் எடுக்க வேண்டும். நான் அந்த ஊரைக் கிழித்துத் தொங்கவிடுகிற மாதிரி ஒரு படம் எழுதிக்கொண்டு போனேன். வாசித்துவிட்டு, "நல்லாருக்கு. அவங்க தரப்பு எங்கல?" என்று கேட்டாள்.

"அவனுவளுக்கு என்னட்டி தரப்பு? எங்க அப்பா செத்துருப்பாரு!"

"ஆமா, செத்துருப்பாரு. அதான் கேக்கணும்கேன்."

நான் பேச மறுத்துவிட்டேன். அவள் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, அந்த ஊருக்குப் போய் அவர்களைக் கேட்க வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாள். அந்த நாளுக்குப் பிறகு அவர் வாசுதேவநல்லூர் ரோட்டில் வண்டியை எடுக்கவே இல்லை. அக்காவைத் திருவிழாவுக்குக் கூட்டி வரவும் நான்தான் பஸ்ஸில் போனேன். யார் காரணம் கேட்டாலும் "ரோடு சரியில்ல" என்பார். அவளிடம் மட்டும், "பயமாத்தான் இருக்கு தாயி. நீ வாறன்னா நானும் வாரேன்" என்றார்.

அப்புறம் நான் எப்படிப் போகாமல் இருக்க முடியும்? கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குத் தண்ணீர் கொடுத்த அந்த அம்மாதான் முதலில் பேசினாள். எப்போதோ ஒரு கோயில் கொடையில் அவள் மகன் கூட்டத்தில் தொலைந்து, சாயங்காலம்தான் கிடைத்தானாம். "அன்னையிலேந்து எந்தப் பிள்ள அழுதாலும் நான் ஓடிப் போயி நிப்பேன்யா. வேன மொதல்ல அடிச்சது நான்தான்" என்றாள். பால்காரர் கேமராவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் பிள்ளையா இருந்தா என்ன ஆகும்னு நெனச்சேன் அண்ணாச்சி" என்றார்.

அப்பா அவர் தோளில் கை வைத்தார். "நானா இருந்தாலும் வண்டிய நிறுத்தியிருப்பேன் வே. நிறுத்திட்டு, ஒரு வார்த்த கேட்டுருப்பேன்."

அந்த வாக்கியத்தோடு படத்தை முடித்தோம். இரண்டு வாரம் கழித்து பால்காரரும் உரக்கடைக்காரரும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேனுக்குப் புதுப் பக்கவாட்டுக் கண்ணாடி வாங்கி வந்து அவர்களே மாட்டினார்கள். கோணலாக மாட்டினார்கள். அப்பா அதை இன்றுவரை நேராக்கவில்லை. பின்னால் வருகிற வண்டிக்குப் பதிலாக அதில் வானம்தான் தெரியும்.

படத்துக்கு மார்க் போட வந்த வெளித்தேர்வாளர், "நீளம் ரொம்ப அதிகம்" என்று எழுதிக் குறைத்துவிட்டார். அவரிடம் போய் இவள் அவருடைய தரப்பைக் கேட்டுவிடக் கூடாது என்று ஸ்லைடு சார் அன்றைக்கு எங்களைச் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது அவள் மதுரையில் இருக்கிறாள். ஊரெல்லாம் சுற்றிவருகிற வீடியோக்கள் மெய்யா பொய்யா என்று தேடிப் பார்த்துச் சொல்கிற வேலை. வேலைக்கான நேர்காணலில், "உங்களை ஏன் நாங்கள் எடுக்க வேண்டும்?" என்று கேட்டவர்களிடம், "எடுக்காமப் போறதுக்கு நீங்க என்ன காரணம் வச்சிருக்கீங்க, மொதல்ல அதச் சொல்லுங்க சார்" என்று சொன்னாளாம். அதைக் கேட்டு எடுத்துக்கொண்ட புண்ணியவான்களுக்கு என் வணக்கம்.

நான் எழுதிப் பிழைக்கிறேன். யாரையாவது நாலு வரியில் சாத்திவிட்டு எழுந்திருக்கலாம் என்று கை துறுதுறுக்கிற நாட்களில், போனை எடுத்து அந்த ஆளுக்கு ஒருமுறை போட்டுப் பேசிவிடுகிறேன். அப்படிப் பேசியதில் என் பல நல்ல கட்டுரைகள் பாழாய்ப் போயிருக்கின்றன. நல்ல மனிதர்கள் சிலர் அறிமுகமாகியிருக்கிறார்கள். படித்த படிப்பில் ஸ்லைடுகள் எல்லாம் மறந்துவிட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். அதைச் சொல்லிக் கொடுத்தவள் எனக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டிலும் ஒரு நேரம் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள். முகூர்த்த நாளோ திருவிழாவோ, யார் எவ்வளவு வருந்தி அழைத்தாலும், அவள் வருகிற அன்றைக்கு மட்டும் அப்பா வெளியூர் டிரிப் எடுப்பதில்லை.